தண்ணீர் எங்கிட்டுப் போகும்?

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்த புதிதில், அவரவர் வீட்டை அளந்து 1:50 அளவுத்திட்டத்தில் கிடைப்படம், அதாவது மேலிருந்து பார்ப்பது போன்ற படம், வரைந்து வர வேண்டும் என்று ஒரு பயிற்சி தந்தார்கள். அந்த வார இறுதியில் மலைநாட்டு ஹட்டனுக்கு ரயிலேறி, அங்கிருந்து பஸ் பிடித்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், தையல் வேலை செய்யும் பக்கத்துக் காம்பரா அக்காவிடம் அளவுநாடாவை இரவல் வாங்கினேன். அளக்கும் வேலை கால் மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பரா, அதன் முன்னால் ஓர் இஸ்தோப்பு (முன்தாழ்வாரம்), இஸ்தோப்பில் பாதியைத் தகரத்தால் அடைத்து அப்பா உண்டாக்கிய அடுப்படி, அவ்வளவுதான் வீடு. பல்கலைக்கழகம் இருக்கும் கட்டுபெத்தைக்குத் திரும்பி வந்து வரைந்தபோது காம்பரா தாளில் 7.3 சென்ரிமீற்றருக்கு 6.1 சென்ரிமீற்றராக வந்தது. உள்ளங்கையை வைத்தால் மறைந்துபோகும் அளவு. சக மாணவர்கள் கார்த் தரிப்பிடம், மாடிப்படி, வேலையாள் அறை என்று தாளை நிரப்பிக்கொண்டிருக்க, எனது தாளில் பெயரும் திகதியும் எழுதும் கட்டம் வீட்டைவிடப் பெரிதாக இருந்தது.

வெற்றிடத்தை மறைப்பதற்காகவே அதே காம்பராவை ஐந்து முறை வரைந்தேன். விடியற்காலை 4 மணிக்கு அம்மா ரொட்டி தட்டும்போது எப்படி இருக்கும், பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போனவர்கள் போனபின் பாட்டி மட்டும் இருக்கும்போது எப்படி இருக்கும், பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் வந்து படிக்கும்போது எப்படி, விருந்தாளி வந்தால் எப்படி, இரவு ஆறு பேர் படுக்கும்போது எப்படி என்று ஐந்து படங்கள். இரவுப் படத்தில் பாய்களை அளவு தவறாமல் போட்டிருந்தேன். கடைசிப் பாயை விரித்துவிட்டால் கதவு திறக்காது என்பதால், எங்கள் வீட்டில் யார் கடைசியாகப் படுப்பார், யார் முதலில் எழுவார் என்பதும் அந்தப் படத்திலேயே தெரிந்தது. விரிவுரையாளர் அந்தத் தாளின் முன்னால் வெகுநேரம் நின்று பேசினார். அது இரக்கமா, மெய்யான ஆர்வமா என்று பிரித்தறிய அன்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில் தோட்டப்புறங்களிலிருந்து பிள்ளைகள் சிலர் எனக்குத் தொலைபேசியில் பேசுவது வழக்கமாகிவிட்டது. கட்டடக் கலைஞர் ஆவது எப்படி, எத்தனை ஆண்டுகள் பிடிக்கும், படித்தால் இங்கேயே வேலை இருக்குமா என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். தொலைபேசியில் பாதிக் கேள்விக்கு மேல் விடை சொல்லி முடிவதில்லை. ஆகையால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் வளர்ந்த இடத்தில் கட்டடக் கலைஞர் என்று ஒருவரை யாரும் பார்த்ததில்லை. தோட்டத்தில் சுவர் விழுந்தால் தோட்டத்து மேசன் பாஸ் (கொத்தனார்) வருவார். கூரை பறந்தால் தகரம் கேட்டு ஆபீசுக்கு எழுதிப் போடுவோம். வீட்டை ஒருவர் முதலில் யோசித்து, வரைந்து, அதன்பிறகு கட்டுவார்கள் என்பதே எங்களுக்குப் புதிய செய்தி. நாங்கள் குடியிருந்த லயத்தை, அதாவது தொழிலாளருக்கென ஒட்டி ஒட்டிக் கட்டிய காம்பரா வரிசையை, யாரும் எங்களுக்காக யோசித்ததாகத் தெரியவில்லை. ஒரு காம்பராவை யோசித்திருப்பார்கள். பின்பு அதையே பன்னிரண்டு முறையோ இருபத்துநான்கு முறையோ அடுக்கியிருப்பார்கள். எங்களுடையது இரட்டை லயம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பத்தின் காம்பரா இருந்ததால் பின்புறத்தில் சன்னலுக்கு இடமே இல்லை. கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கற்கைநெறியின் பெயரைக் கண்டேன். உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சை ஒன்றிலும் தேற வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. அதற்கென்று வகுப்பு எதற்கும் போகவில்லை. சுவரொட்டியின் பின்புறத்தில் தேயிலை ஸ்டோரை (தொழிற்சாலையை) பல கோணங்களில் வரைந்து பழகியதுதான் நான் செய்த ஆயத்தம். அது வீண்போகவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் மலைநாட்டில் வெள்ளைக்காரன் கட்டியவற்றுள் உண்மையிலேயே யோசித்துக் கட்டப்பட்டது ஸ்டோர்தான். கொழுந்து வாடுவதற்குக் காற்று வேண்டும் என்பதற்காக மேல்மாடிகளை நீளமாக்கி, இரு பக்கமும் வரிசையாகச் சன்னல் வைத்திருப்பான். கொழுந்துக்குக் கிடைத்த காற்று கொழுந்து பறித்தவளுக்குக் கிடைக்கவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. படித்து முடித்த பின்புதான் தோன்றியது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதற்குமேல் எழுத முடியாது. அவர் தோட்டத்தில் கான் வெட்டுபவர். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகாதபடி சரிவுக்குக் குறுக்கே வெட்டுகிற வடிகாலைத்தான் நாங்கள் கான் என்போம். குறுக்கே வெட்டினால் மட்டும் போதாது. மிக மெல்லிய வாட்டம் இருக்க வேண்டும். 120 அடி ஓடினால் ஓர் அடி இறங்குவது கணக்கு. வாட்டம் கூடினால் தண்ணீர் கானையே அரித்துவிடும், குறைந்தால் தேங்கி நின்று கரையை உடைக்கும். அந்த வாட்டத்தைப் பார்ப்பதற்கு ரோட் ட்ரேசர் என்று ஒரு கருவி உண்டு: ஒரு கழியின் உச்சியிலிருந்து பாரத்தோடு தொங்கும் குழல், அதில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு துளை, எதிரே இன்னொருவர் பிடித்து நிற்க ஒரு பலகை. சிறுவயதில் பள்ளி விடுமுறைகளில் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அட்டை காலில் ஏறினாலும் அசையக் கூடாது. அசைந்தால் அப்பா துளையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஏசுவார்.

இரண்டாம் ஆண்டில் மலைநாட்டில் ஒரு சிறிய நூலகத்தை வடிவமைக்கும் வேலை வந்தது. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி அகன்ற தாழ்வாரம், தாழ்ந்த ஓட்டுக் கூரை என்று வரைந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் வகுப்பில் யாரைக் கேட்டாலும் ஜெப்ரி பாவாவைத்தான் சொல்வார்கள், நானும் விதிவிலக்கல்ல. சட்டம் படித்து வழக்கறிஞராக இருந்த அவர், 1957ஆம் ஆண்டு 38ஆவது வயதில்தான் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார் என்பது தாமதமாக வந்தவர்களுக்கெல்லாம் ஒரு தைரியம். அவர் அமைத்த லுணுகங்கை, கந்தளமை ஹோட்டல், 1982ஆம் ஆண்டு திறந்த கோட்டை நாடாளுமன்றம் ஆகியவற்றின் படங்களைப் பார்த்துப் பார்த்து, முற்றமும் தாழ்வாரமும் இல்லாத கட்டடம் கட்டடமே அல்ல என்ற முடிவுக்கு வந்திருந்தேன். நடுவர்களுக்கும் எனது நூலகம் பிடித்திருந்தது. அதன் மாதிரியுருவை, கடையில் அட்டை வாங்கக் காசில்லாமல், பழைய தேயிலைப் பெட்டியின் மெல்லிய பலகையைக் கீறிச் செய்திருந்தேன். பலகை தந்தவர் அப்பா. ஆகையால் விடுமுறைக்குப் போகும்போது அவருக்குக் காட்டுவதற்காக அதை மடியில் வைத்துக்கொண்டே ரயிலில் போனேன்.

அப்பா மாதிரியுருவைக் கையில் வாங்கவில்லை. இஸ்தோப்பில் வைக்கச் சொல்லிவிட்டு, குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு கேட்டார்:

"மழ பேஞ்சா இந்த முத்தத்துல விழுற தண்ணி எங்கிட்டுப் போகும்?"

நான் முற்றத்தின் நடுவில் ஒரு சிறு வடிகான் வரைந்திருந்தேன். அது எங்கே போய் முடிகிறது என்று வரைந்திருக்கவில்லை. கட்டடம் நின்ற இடமோ சரிவு. முற்றத்துக்குக் கீழே வாசிப்பறை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் உண்டு. அதாவது அங்கே ஓராண்டு மழையை வழியவிடாமல் தேக்கி வைத்தால் பதினாறு அடிக்குமேல் நிற்கும்; எங்கள் லயத்தின் முகடு முழுகிப்போகும். இந்தக் கணக்கை நான் அன்றிரவுதான் போட்டேன். அந்தக் கணக்கில் பிறந்து வளர்ந்த நான், அதை மறந்து கரையோரத்து வீடொன்றை மலையில் கொண்டுபோய் வைத்திருந்தேன்.

இதில் பாவாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் மலைநாட்டில், அப்கொட்டில் உள்ள ஸ்ட்ரத்ஸ்பே தோட்டத்துக்குப் பங்களா அமைத்தவர். இடத்துக்கு இடம் கட்டடம் மாற வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தெரியாமல் போனது நகல் எடுத்த எனக்கு. வெப்பநாட்டுக் கட்டடக்கலை என்று நாம் படிப்பதில் பெரும்பகுதி வெயிலைத் தடுப்பது, காற்றை உள்ளே விடுவது என்ற இரண்டுக்குள் அடங்கிவிடும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியிருக்கும் நுவரெலியாவில் இவ்விரண்டையும் தலைகீழாகப் போட வேண்டும். தை மாசி மாதங்களில் கொழுந்தைக் கருக்குமளவுக்கு உறைபனி விழும் ஊரில் யாருக்கு வேண்டும் குறுக்குக் காற்றோட்டம்? காலை வெயில் எந்தச் சுவரில் எத்தனை மணிக்கு விழும், எதிர்மலை அதை எத்தனை மணிவரை மறைக்கும் என்பதுதான் அங்கே கேள்வி. லயத்தில் அடுப்படியை ஏன் காம்பராவோடு ஒட்டி வைத்தோம் என்றால் புகையைச் சகித்தாவது சூட்டைப் பெறுவதற்காக. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சொல்லிக்காட்டத்தான் தெரியாமல் இருந்தது.

அந்த விடுமுறைக்குப் பிறகு நான் கிடைப்படத்திலிருந்து தொடங்குவதை விட்டுவிட்டேன். முதலில் வெட்டுமுகம். கத்தியால் மலையை நிமிர்த்தி வெட்டினால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் மழை விழுவதாக வைத்துக்கொண்டு, அது எங்கே போகும் என்று ஒரு அம்புக்குறி. அதன்பிறகுதான் சுவர். யோசித்துப் பார்த்தால் தோட்டத்துப் பேச்சே வெட்டுமுகப் பேச்சுத்தான். மேட்டு லயம், பணிய லயம், மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று உயரத்தை வைத்தே முகவரி சொல்கிறோம். கடைக்குப் போகிறவர் இறங்குகிறார், வேலைக்குப் போகிறவர் ஏறுகிறார். நகரத்தில் வளர்ந்த என் நண்பர்களுக்கு வெட்டுமுகம் கடைசியில் போடும் படம். எனக்கு அது தாய்மொழியாக இருந்தது.

மொழி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் நின்றுகொண்டு வடிவமைப்பை விளக்குவது முதல் இரண்டு ஆண்டுகளும் பெரும் வேதனை. படத்தைவிடப் பேச்சுக்குத்தான் நான் அதிக இரவுகள் விழித்திருப்பேன். பேச வேண்டியதைத் தமிழெழுத்தில் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போய், இடையில் ஒரு கேள்வி வந்தால் எல்லாம் கலைந்து நிற்பேன். மூன்றாம் ஆண்டில் ஒருவழியாக, படமே பேசுமளவுக்கு வரைந்துவிட்டால் நான் குறைவாகப் பேசினால் போதும் என்று கண்டுகொண்டேன். செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், மகாபொல புலமைப்பரிசில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வரும். தாளுக்கும் அட்டைக்கும் அச்சுக்கும் வராது. அம்மாவின் சீட்டுக்காசு இரண்டு முறை மாதிரியுருவாக மாறியது.

கண்டிக்காரியான கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வாவை நான் பாடத்தில் அறிந்தது ஓரிரு பக்கங்களில்தான். மீதியை நானாகத் தேடிக்கொண்டேன். 1918இல் பிறந்த அவர் 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரானார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இலங்கைப் பெண் அவர்தான். ஊர் திரும்பிக் கண்டியிலேயே இருந்து தொழில் செய்தார். அவருடைய முதல் வீடான கருணாரத்ன இல்லம் சரிவில் படிப்படியாக இறங்கும் வீடு. கண்டிப் பக்கத்துத் தும்பறைப் பாய் நெசவைக் கதவுப் பலகைகளுக்குள் வைத்தவர் அவர். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, 1950களின் பிற்பகுதியில் கண்டி வட்டபுளுவையில் அரச ஊழியர்களுக்காக அமைத்த வீட்டுத்திட்டம். குடிவரப் போகிறவர்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, எப்படிச் சமைப்பீர்கள், வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பிறகே வீடுகளின் வகைகளை வகுத்தார்.

அவருடைய தாயார் அக்னஸ் டி சில்வா, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு இலங்கையின் அரசியலமைப்பை ஆராய வந்த பிரித்தானிய டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியம் சொன்னவர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்று ஆணைக்குழு வினவியபோது, நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே என்று அவர் பதில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. இதைப் படித்த நாளில் நான் வட்டபுளுவைக்குப் போய் அந்தத் தெருக்களில் ஒரு பின்னேரம் முழுவதும் நடந்தேன். பல வீடுகளை மாற்றிக் கட்டிவிட்டார்கள். ஆனாலும் சரிவுக்குக் குறுக்கே தெருவை விட்ட விதத்தைப் பார்த்தபோது, அப்பா இதற்குச் சரியென்று தலையாட்டியிருப்பார் என்று தோன்றியது.

ஐந்தாண்டுப் படிப்பு முடிந்ததும் கட்டடக் கலைஞர் ஆகிவிடலாம் என்று வீட்டில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். இலங்கையில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதற்குச் சட்டம் இருக்கிறது. 1957இல் தொடங்கிய இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் 1976ஆம் ஆண்டின் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. பதிவுச் சபையில் பதியப்படாதவர் தம்மைக் கட்டடக் கலைஞர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. பட்டம் பெற்றபின் தகுதி பெற்ற ஒருவரின் கீழ் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வேலை பழகி, செய்த வேலையை நாட்குறிப்பாக எழுதி ஒப்புவித்து, மூன்றாம் பகுதி எனப்படும் தொழில்முறைத் தேர்வில் தேற வேண்டும். எங்கள் தோட்டத்தில் இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும்போதும் என்றாகிவிட்டது. "இன்னும் பாஸ் பண்ணலியா?" என்று ஏழு ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பயிற்சிக்காலத்தைக் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் கழித்தேன். கொடுத்த சம்பளத்தில் போர்டிங் காசு போக மிஞ்சுவது சொற்பம். முதல் எட்டு மாதமும் கழிப்பறைத் தரைக்கற்களின் அடுக்கும் கதவு அட்டவணையும்தான் வரைந்தேன். சலித்துக்கொண்டேன் என்றாலும், பின்னாளில் தனியாக வேலை தொடங்கியபோது சோறு போட்டவை அந்தக் கதவு அட்டவணைகள்தான்.

அந்தக் காலத்தில் எனக்கு நேர்ந்த பெரிய பிழை ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். கண்டிக்கு வெளியே சரிவில் கட்டிய ஒரு விருந்தினர் விடுதிக்கு மண்தாங்கு சுவர் வரையும் பொறுப்பு என்னிடம் வந்தது. கருங்கல் சுவர், அதன் பின்னால் சல்லி நிரப்பி, சுவரின் ஊடாக ஒன்றரை மீற்றருக்கு ஒன்றாக பீவீசீ குழாய் வைத்து, பின்னால் சேரும் தண்ணீர் வெளியேற வழி விட வேண்டும். எல்லாவற்றையும் படத்தில் சரியாகவே போட்டிருந்தேன். குழாய்களைச் சிறு வட்டங்களாகக் காட்டியதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். பாஸ் நல்ல வேலைக்காரர், சுவரைத் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி நேர்த்தியாகக் கட்டியிருந்தார். கட்டி முடித்தபின், வாசலுக்கு நேரே ஓட்டைகள் தெரிவது அழகில்லை என்று, அவற்றுக்குள் சாந்து வைத்து அடைத்துப் பூசியும்விட்டார். ஐப்பசி மழையில் சுவர் நடுவில் வயிறு தள்ளியது. இடித்துத்தான் கட்ட வேண்டியிருந்தது.

"இது எதுக்குன்னு நீங்க சொல்லலியே மிஸ்," என்றார் பாஸ்.

உண்மைதான். நான் படத்தை அனுப்பினேன், காரணத்தை அனுப்பவில்லை. தேயிலை மலைகளில் சாந்தே இல்லாமல் அடுக்கிய கல்கட்டுகள் நூறு ஆண்டு நிற்கின்றன. கல்லிடுக்கால் தண்ணீர் போய்விடுவதால்தான் நிற்கின்றன என்பது அந்த பாஸுக்கும் தெரியும். நான் குழாயைக் கல்கட்டோடு ஒப்பிட்டு ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் எனக்கு மேலேயே பாடம் எடுத்திருப்பார். இப்போதெல்லாம் என்னுடைய படங்களில் ஓரத்தில் தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு வரி எழுதாமல் அனுப்புவதில்லை.

மூன்றாம் பகுதியை முடித்துக்கொண்டு ஹட்டனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் மேசை போட்டேன். வந்த வேலைகள் பெரும்பாலும் கீழே கடை, மேலே வீடு. பிறகு கொழும்பிலிருந்து வந்து நிலம் வாங்குகிறவர்களின் விடுதிகள். முழுச்சுவரும் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். இரவில் குளிரும் என்றால் நம்ப மாட்டார்கள். 2022இல் சீமெந்து மூட்டை விலை ஏறத்தாழ மூன்று மடங்காக ஏறியபோது ஏழு மாதம் ஒரு வேலையும் நடக்கவில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் அப்போதுதான் மத்திய கிழக்குக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போனார்கள். நானும் விண்ணப்பம் நிரப்பினேன், அனுப்பவில்லை. அதற்குப் பெரிய இலட்சியம் ஒன்றும் காரணமில்லை, அம்மாவுக்கு அப்போது கண்புரைச் சத்திரசிகிச்சை.

லயத்திலிருந்து யாரும் என்னிடம் வீடு வரையக் கேட்டு வருவதில்லை. வர முடியாது என்பதே சரி. லயம் நிற்கும் மண் அரசுடையது, குத்தகைக்கு எடுத்திருப்பது கம்பனி, குடியிருப்பவருக்கு அதில் காணி உறுதிப் பத்திரம் இல்லை. ஒரு தகரத்தை நீட்டிப் போடவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் இருந்த விதத்தில், தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபைகள் செலவிட முடியாத நிலை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது. நிலம் இல்லாதவருக்கு வீட்டுப்படம் எதற்கு? ஆகையால் எங்கள் சனத்துக்குக் கட்டப்படும் வீடுகள் எல்லாம் திட்டங்களாகவே வருகின்றன. நான் பார்த்த திட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் நிலம், அதாவது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் 550 சதுர அடி வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், குசினி, குளியலறை. லயத்துக் காம்பராவோடு ஒப்பிட்டால் அரண்மனை என்றுதான் சொல்ல வேண்டும். சொந்தச் சுவர், நான்கு பக்கமும் சன்னல். நான் போய்ப் பார்த்த பல வீடுகளில் குடிவந்த ஆறு மாதத்துக்குள் பின்னால் தகரத்தில் ஓர் அடுப்படி முளைத்திருந்தது. எரிவாயு கட்டுப்படியாகாது, விறகு இருக்கிறது, குளிருக்கு அடுப்படியில்தான் உட்கார வேண்டும். வினாக்கொத்துக் கொடுத்துக் கேட்டிருந்தால் முதல் வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

அடுப்படியைப் பிறகு கட்டிக்கொள்ளலாம். கானைப் பிறகு வெட்டிக்கொள்ள முடியாது. ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 550 சதுர அடிக் கூரை ஒன்று மட்டும் 5,000 லீற்றருக்கு மேல் தண்ணீரை இறக்கும். சரிவில் நாற்பது வீடு கட்டினால் நாற்பது கூரைத் தண்ணீரும் முன்பு மண்ணுக்குள் இறங்கிய இடத்தில் இப்போது ஓடியாக வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் அபாயமானது என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு இடம்தான் இருக்கவில்லை. இப்போது மலைநாட்டு மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீடு வேண்டும். வாடிக்கையாளர்கள் அதை ஒரு தொல்லையாகவே பார்க்கிறார்கள். அந்த நிறுவனத்தின் கணக்கில், 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் ஆயத்தம், 150 தாண்டினால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். எனது மேசைக்கு மேலே சுவரில் இந்த மூன்று இலக்கங்களையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு, ஓய்வூதியக் காசோடு நகரத்தின் விளிம்பில் பத்துப் பேர்ச்சஸ் வாங்கிய ஓர் ஆசிரியத் தம்பதி வந்தார்கள். இருவரும் லயத்தில் பிறந்தவர்கள். என்னுடைய மேசைக்கு வந்த முதல் லயத்துக் குடும்பம் அவர்கள்தான். நான் வரைவதற்கு முன் அப்பாவை நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சேமலாப நிதியோடு வேலையை விட்டு வந்தவர், முழங்கால் வலி. ஆனால் நிலத்தைப் பார்த்ததும் மேலே ஏறிப்போய் எல்லைக்கும் அப்பால் நின்றார். தோட்டத்து ட்ரேசரை யார் தருவார்கள்? எனக்குத் தெரிந்த கடையில் செய்த கழியும், பொறியியல் படித்த நண்பனின் மட்டம் பார்க்கும் கருவியும்தான் இருந்தன. அப்பா மட்டத்தை நம்பாமல், ஒரு போத்தல் தண்ணீரை மண்ணில் ஊற்றி ஊற்றிப் பார்த்துக்கொண்டே ஆப்பு அடித்தார். மேலிருந்து வரும் தண்ணீரை வீட்டுக்குப் பதினான்கு அடி பின்னாலேயே பிடித்து, பக்கமாகக் கொண்டுபோய்ப் பழைய கானில் சேர்க்கும் வரிசை அது. பின்பு மட்டம் வைத்து நான் அளந்ததில் 110 அடிக்கு ஓர் அடி வாட்டம் இருந்தது. சொன்னபோது முகத்தைச் சுளித்தார்: "பத்தடி பெசகிருச்சு."

அந்த ஆப்புகளுக்கு அமையத்தான் வீட்டின் பின்சுவர் எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்தேன். அடுப்படி கிழக்கில், காலை வெயில் படும் இடத்தில், கூடத்தோடு ஒட்டி, புகைபோக்கியோடு. முற்றம் கிடையாது.

படிக்க நினைக்கும் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு மிச்ச விடை இதுதான்: ஐந்து ஆண்டு படிப்பு, குறைந்தது இரண்டு ஆண்டு பயிற்சி, பிறகு தேர்வு. கணிதத்தில் கெட்டிக்காரராக இருந்தால் மட்டும் போதாது, வரைந்து பழகுங்கள்; ஆங்கிலத்துக்குப் பயந்து விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டாம். பகலில் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே படிக்க விரும்புகிறவர்களுக்குக் கொழும்பில் சிட்டி ஸ்கூல் ஒப் ஆர்க்கிடெக்சர் இருக்கிறது, கட்டணத்தை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆசிரியரின் வீட்டுக்கு அடுத்த மாதம் அத்திவாரம் வெட்டுகிறோம். பார்க்க வர விரும்புகிறவர்கள் முதல்நாள் சொல்லிவிட்டு வரலாம். சப்பாத்து போட்டு வாருங்கள், அட்டைக்குச் சவர்க்காரமும் கொண்டு வாருங்கள். அப்பா உங்களில் யாரையாவது பலகை பிடிக்கச் சொல்வார்; அசையாமல் நிற்க வேண்டும்.